எரிபொருள் தீரும்வரை

மாதிரி விமானத்தை மேலே ஏற்றுவது ஒரு விஷயமே இல்லை. காற்றுக்கு எதிராக நிறுத்தி த்ராட்டிலைக் கூட்டினால் அதுவே எழும்பிவிடும். இறக்குவதுதான் கஷ்டம். பழக ஆரம்பித்த முதல் மாதத்தில் மூன்று ப்ரொப்பெல்லர்களையும் ஒரு லேண்டிங் கியரையும் உடைத்தேன். விமானம் நம்மை நோக்கித் திரும்பியதும் அதன் இடம் நமக்கு வலமாகிவிடும். அந்தக் குழப்பத்தில் ஓடுதளம் வேறு நெருங்கும். பதறிப்போய் எலிவேட்டரை இழுப்பேன். மூக்கு நிமிரும், வேகம் செத்துப்போகும், ஒரு இறக்கை சாயும். அப்புறம் டமால்.

மைதானத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, உயரத்துக்கு த்ராட்டில், வேகத்துக்கு எலிவேட்டர். நீங்க தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்கீங்க."

வீட்டுக்கு வந்து பழைய கதைகளைத் தேடிப் படித்தபோதுதான், முன்னோடிகளுக்கு அந்த த்ராட்டிலே இல்லை என்பது தெரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரில், வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் 1937இல் 'கஃப்' என்ற வானொலி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இறக்கையின் நீளம் 8 அடி. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பின் பல ஆண்டுகளுக்குப் பரவலாக இருந்தது ஒற்றைச் சேனல் கருவிதான். பொத்தானை அழுத்தினால், முறுக்கிய ரப்பர் பட்டை ஒரு படி அவிழ்ந்து வால் சுக்கான் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். அடுத்த அழுத்தலில் மறுபக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை ஓட்டுபவர்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். (நிரல் எழுதுபவனாக இந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.) இஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எரிபொருள் தீர்ந்ததும் மிதந்து இறங்கும். எப்போது இறங்குவது என்பதை டாங்க்தான் முடிவு செய்தது.

1950களின் ரீட் கருவிகளில் த்ராட்டில், எலிவேட்டர் எல்லாம் வந்தன. ஆனால் குச்சி கிடையாது, சுவிட்சுகள்தான். தரையைத் தொடும் முன் மூக்கைக் கொஞ்சமாக உயர்த்த வேண்டுமென்றால் சுவிட்சை டக் டக்கென்று தட்டித் தட்டித்தான் அந்தக் 'கொஞ்ச'த்தை உண்டாக்க வேண்டும். குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே எலிவேட்டரும் நகரும் ப்ரொபோர்ஷனல் முறை பரவியது 1960களில். நான் கையில் வைத்துக்கொண்டு சொதப்புவது இந்த வசதியைத்தான்.

மேனார்ட் ஹில்லின் கதை இன்னொரு வகை. 77 வயது, பார்வையும் கேள்வியும் பெருமளவு போய்விட்டன. 2003 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பால்சா மரத்தாலான விமானம் ஒன்றை அட்லாண்டிக்கின் குறுக்கே அனுப்பினார். மொத்த எடை 5 கிலோவுக்கும் குறைவு, அதில் ஏறக்குறைய பாதி எரிபொருள். முந்தைய முயற்சிகளில் போன விமானங்கள் எதுவும் கரை சேரவில்லை. இது சுமார் 3,000 கிலோமீட்டரை, 38 மணி நேரத்துக்கும் மேலாக, ஜிபிஎஸ் உதவியுடன் தானாகவே கடந்து வந்தது. கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் மனிதக் கை தேவைப்பட்டது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் காத்திருந்த டேவ் பிரவுன், கட்டுப்பாட்டைத் தன் கைக்கு மாற்றி, கடற்கரையில் பத்திரமாக இறக்கினார். டாங்கில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் (இவர் வேறு பிரவுன்) அட்லாண்டிக்கை முதன்முதலாக நிற்காமல் கடந்து வந்து, பச்சை வயல் என்று நம்பிச் சதுப்பில் இறக்கி, மூக்குக் குப்புற நின்றார்கள்.

விமானம் இறங்கிய செய்தி கேட்டு ஹில் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

போன ஞாயிறு என்னுடையது மூன்று முறை துள்ளிவிட்டுப் புல்லில் போய் நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ப்ரொப்பெல்லரைச் சுற்றிப் பார்த்தேன். உடையவில்லை.