பூலாம்பட்டி படகுப் போக்குவரத்து

பூலாம்பட்டி படகுப் போக்குவரத்து என்பது, சேலம் மாவட்டம் எடப்பாடி வட்டத்திலுள்ள பூலாம்பட்டிப் பேரூராட்சிக்கும், காவிரியின் எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்தில் அமைந்த நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே நடைபெறும் விசைப்படகுச் சேவை ஆகும். அடிப்படையில் இது ஊர் மக்களின் அன்றாடப் போக்குவரத்து. பயணிகளோடு இருசக்கர வண்டிகளும் படகில் ஏற்றப்படுகின்றன. விடுமுறை நாட்களில் சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் படகு சவாரிக்கென்றே இங்கு வருகின்றன. மலையும் நீர்ப்பரப்பும் வயல்களும் சேர்ந்த தோற்றத்தால் இவ்வூர் "குட்டிக் கேரளா" என அழைக்கப்படுகிறது. திரைப்படக் காட்சிகளும் இங்கு படமாக்கப்பட்டுள்ளன.

நீர்ப்பரப்பு

இங்கு காணப்படுவது இயற்கையான ஏரி அன்று. 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குக் கீழே, நீர்மின் உற்பத்திக்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் கதவணைகள் கட்டப்பட்டன. இந்நான்கு நிலையங்களிலும் தலா 15 மெகாவாட் திறனுள்ள இரண்டு மின்னாக்கிகள் உள்ளன. கதவணையில் நீர் தேக்கப்படுவதால் ஆறு அகன்று, ஓட்டம் தணிந்து, ஏரி போலத் தோன்றுகிறது. விசைப்படகு செல்லத்தக்க ஆழம் கிடைப்பதும் இதனாலேயே.

படகு வீடும் படகு இல்லமும்

"குட்டிக் கேரளா" என்னும் பெயரைக் கேட்டு வருவோர் சிலர் இங்கு படகு வீட்டை எதிர்பார்ப்பதுண்டு. இரவு தங்கும் வசதி கொண்ட அத்தகைய படகுகள் பூலாம்பட்டியில் இல்லை. ஏற்காடு ஏரியில் இருப்பது படகு இல்லம். அதாவது மிதிபடகு, துடுப்புப் படகு முதலியன குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகைக்குத் தரப்படும் துறை. படகு வீடு என்பது வேறு. கேரளத்தின் ஆலப்புழை, குமரகம் பகுதிகளில் நெல் ஏற்றிச் செல்லப் பயன்பட்ட கெட்டுவள்ளம் என்னும் படகே, 1990களில் படுக்கையறை, சமையலறை ஆகியவற்றுடன் சுற்றுலாப் படகு வீடாக மாற்றப்பட்டது. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைப்பது இதன் சிறப்பு. காசுமீரின் தால் ஏரிப் படகு வீடுகளோ பெரும்பாலும் ஓரிடத்திலேயே கட்டி நிறுத்தப்படுபவை.

வேம்பநாட்டுக் காயலின் நீர்மட்டம், பெருமழைக் காலம் தவிர, அதிகம் மாறுவதில்லை. பூலாம்பட்டியில் நீர்மட்டமும் ஓட்டமும் மேட்டூரின் நீர்திறப்பையும் கதவணையின் இயக்கத்தையும் பொறுத்தவை. கனத்த படகு வீட்டுக்கு இது ஏற்ற இடம் அன்று.

நிறுத்தமும் பாதுகாப்பும்

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது படகுப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. அணை 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் 120 அடியை எட்டியது. 2022 ஆகத்தில் விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் மேல் நீர் வெளியேற்றப்பட்டது. குடும்பத்தோடு ஆற்றுக்குச் செல்லும் ஆடிப்பெருக்கும் இவ்வெள்ளக் காலத்திலேயே வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது. வெள்ளம் இல்லாத நாட்களிலும் உயிர்காப்பு மேலாடையும், ஏற்றத்தக்க ஆள் எண்ணிக்கையைக் கடைப்பிடித்தலும் இன்றியமையாதவை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அது அலையோ வெள்ளமோ இல்லாத நீர்நிலை.

கதவணைப் பராமரிப்புக்காக நீர் முழுதும் வெளியேற்றப்படும் காலங்களிலும் படகுகள் இயங்குவதில்லை. அப்போது ஆற்றின் பாறைகள் வெளித்தெரியும். எதிர்க்கரைக்குச் செல்வோர் சாலை வழியே சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது.