கண்ணில் விளக்கெண்ணெய்!

‘டேய், விளக்கெண்ணெய்!’ - மசமசவென்று நிற்கும் பையனைத் திட்ட நம் வீடுகளில் இதைவிடச் சுருக்கமான வார்த்தை கிடையாது. சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், இது ரொம்ப அநியாயமான திட்டு! ஒரு காலத்தில் உலகின் அதிவேக இயந்திரங்களை ஓட வைத்ததே விளக்கெண்ணெய்தான். நம்ப முடியவில்லையா?

1899-ல் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்கிற ஆங்கிலேயர், பார்த்துக்கொண்டிருந்த எண்ணெய் கம்பெனி வேலையை விட்டுவிட்டு லண்டனில் சொந்தக் கடை விரித்தார். ரயில்களுக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் எண்ணெய் விற்பது தொழில். கொஞ்ச நாளில் காரும் விமானமும் வந்துவிட்டன. குளிரில் உறையக் கூடாது, சூட்டில் தண்ணீராக இளகிவிடவும் கூடாது... அப்படி ஒரு எண்ணெய் அவற்றுக்குத் தேவைப்பட்டது. வேக்ஃபீல்டின் ஆட்கள் எண்ணெயில் ஆமணக்கு எண்ணெயைக் கலந்து பார்த்தார்கள். பிரமாதமாக வேலை செய்தது! ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர். 1909-ல் அந்த எண்ணெய்க்கு வைத்த பெயர், காஸ்ட்ரால். ஆமாம், இன்றைக்கும் மெக்கானிக் கடை அலமாரியில் இருக்கிறதே, அதே காஸ்ட்ரால்தான்!

முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களுக்கும் விளக்கெண்ணெய்தான். அந்தக் கால ரோட்டரி இன்ஜின்களில் பெட்ரோல் இன்ஜினின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து வரும். சாதாரண எண்ணெயை அது கரைத்துவிடும். விளக்கெண்ணெய் அவ்வளவு சுலபத்தில் பெட்ரோலோடு கரையாது. ஒரே தொல்லை... எரியாத எண்ணெய் புகையோடு பைலட்டின் முகத்தில் அடிக்கும். அதைச் சுவாசித்த பைலட்டுகள் தரையிறங்கியதும் எங்கே ஓடினார்கள் என்பதை, சின்ன வயதில் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

விளக்கெண்ணெய்க்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. நாளாக நாளாகப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பந்தயம் முடிந்ததும் இன்ஜினைக் கழற்றிக் கழுவுகிறவர்களுக்குப் பரவாயில்லை. தினம் ஆபீஸ் போகிறவர் என்ன செய்வார்? அதனால் பூமியிலிருந்து எடுத்த எண்ணெயிலேயே விதவிதமான ரசாயனங்களைச் சேர்த்து அந்த இடத்தைப் பிடித்தார்கள். விளக்கெண்ணெய் பந்தய மைதானங்களோடு ஒதுங்கிக்கொண்டது.

டப்பாவின் மேல் எண்களும் எழுத்துகளும் ஏறிய கதை இங்கேதான் ஆரம்பம். எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு 1911-லேயே எண் கொடுத்தது அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு. இப்போது நாம் பார்க்கும் 10டபிள்யூ-40-ல் ‘டபிள்யூ’ என்றால் விண்டர், குளிர்காலம். குளிரில் 10 என்கிற மெல்லிய ரகம் போல ஓடும். 100 டிகிரி சூட்டில் 40 என்கிற கெட்டி ரகம் போல நிற்கும். பிற்பாடு தரத்தைச் சொல்ல ஏ.பி.ஐ. அமைப்பின் எழுத்துகள் வந்தன. எஸ்.இ., எஸ்.எஃப்., எஸ்.ஜி... 2020-ல் வந்தது எஸ்.பி. எழுத்து நகர நகர, எண்ணெய் புதுசு.

‘புதுசு என்றால் நல்லதுதானே சார்?’ என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம்!

1984-ல் விற்பனைக்கு வந்த கவாஸாகி ஜி.பி.இசட்.900ஆர் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ‘நின்ஜா’ என்ற பெயரில் ஓடிய பைக். 908 சி.சி., நான்கு சிலிண்டர், மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர். 1986-ல் வந்த ‘டாப் கன்’ படத்தில் டாம் க்ரூஸ் விமானத்தோடு போட்டி போட்டு ஓட்டுவாரே, அதே வண்டி! அதற்கு கம்பெனி கேட்டது எஸ்.இ. அல்லது எஸ்.எஃப். தரத்தில் 10டபிள்யூ-40 மாதிரியான எண்ணெய். நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர், ‘அதெல்லாம் அந்தக் காலம் சார்... இது லேட்டஸ்ட். பெரிய பெரிய காருக்கே இதைத்தான் ஊத்துறாங்க’ என்று பளபளப்பான டப்பாவை நீட்டுகிறார். விலையும் ஜாஸ்தி. நம்பி வாங்கி ஊற்றுகிறீர்கள். சில நாள் கழித்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் ‘உய்ய்ங்’ என்று கத்துகிறது. வண்டி மட்டும் அதே வேகத்தில் போகிறது. கிளட்ச் வழுக்குகிறது!

தப்பு எண்ணெயின் தரத்தில் இல்லை. அது பிறந்த வீட்டில்! காரில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் தனித்தனி வீடு. கியர் போடும் காரில் கிளட்ச் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். இந்த மாதிரி பைக்கிலோ மூன்றும் ஒண்டுக்குடித்தனம். இன்ஜினில் ஓடும் எண்ணெய்தான் கியர் பற்களையும் கிளட்ச் தட்டுகளையும் நனைக்கிறது. இன்ஜினுக்கு வழுக்க வேண்டும். கிளட்சுக்குப் பிடிக்க வேண்டும். ஒரே எண்ணெய் இரண்டையும் செய்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில் கார் எண்ணெயே இதையும் சமாளித்தது. அப்புறம் 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. அலறிய அமெரிக்கா 1975-ல் ஒரு சட்டம் போட்டது. 1978 மாடல் கார்கள் சராசரியாக காலனுக்கு 18 மைல் கொடுக்க வேண்டும், 1985-ல் 27.5 மைல்! கார் கம்பெனிகள் சொட்டு சொட்டாகப் பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தன. எண்ணெய்கள் மெலிந்தன. உராய்வை இன்னும் குறைக்கிற ரசாயனங்கள் சேர்ந்தன. கார் மைலேஜ் கூடியது... பைக்கின் கிளட்ச் மாட்டிக்கொண்டது.

போதாக்குறைக்கு, தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ், காரின் புகையைச் சுத்தம் செய்யும் கருவியைக் கெடுக்கிறது என்று அதிலும் கை வைத்தார்கள். 2004-ல் வந்த எஸ்.எம். தரத்தில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்கு 0.08 சதவிகிதத்துக்கு மேல் பாஸ்பரஸ் கூடாது என்று வரம்பு. ஏ.பி.ஐ. எழுத்துகள் எல்லாம் காருக்காக எழுதப்பட்டவை. பைக் கிளட்ச்சைப் பற்றி அவை ஒரு வார்த்தை சொல்வதில்லை.

விழித்துக்கொண்டது ஜப்பான். உலகத்துக்கே பைக் விற்கிற நாடாயிற்றே! கிளட்ச் தட்டுகளை எண்ணெயில் ஓடவிட்டு, எவ்வளவு பிடிக்கிறது என்று சோதிக்கும் தனித் தரத்தை 1998-ல் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் ஜாஸோ. எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு எம்.ஏ.; அந்தத் தொல்லை இல்லாத ஸ்கூட்டர் வகையறாவுக்கு எம்.பி. 2006-ல் எம்.ஏ.வையே எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள். 2-ல் பிடிப்பு அதிகம்.

ஆக, பழைய ஸ்போர்ட்ஸ் பைக்காரர் செய்ய வேண்டியது மூன்றே காரியம். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்கிறதா என்று பாருங்கள். ‘எனர்ஜி கன்சர்விங்’, ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று போட்டிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். எம்.ஏ.2 முத்திரையோடு எஸ்.எல்., எஸ்.என். என்று புது எழுத்து இருந்தால் தாராளமாக வாங்கலாம். சிந்தடிக் என்றாலே கிளட்ச் வழுக்கும் என்பதும் கட்டுக்கதை. வழுக்க வைப்பது உராய்வு குறைக்கும் கலவைதான். தெரியாமல் ஊற்றிவிட்டீர்களா? உடனே வடித்துவிட்டுச் சரியான எண்ணெயை ஊற்றுங்கள். தட்டுகள் கருகவில்லை என்றால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும்.

ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை... உங்களுடையது டூ-ஸ்ட்ரோக், கதையே வேறு! அதில் இன்ஜின் எண்ணெய் பெட்ரோலோடு எரிந்து புகையாகப் போய்விடும். கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய். ஒன்றின் டப்பாவை இன்னொன்றில் கவிழ்த்துவிடாதீர்கள்.

டப்பாவின் முன்பக்கம் கம்பெனி பேசுகிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அடுத்த தடவை எண்ணெய் வாங்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்... கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு!