மையின் அளவு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருபவர்கள் குடவோலையைப் பற்றித்தான் பேசுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. எனக்கு அந்தச் சுவரைப் பார்த்தால் மை ஞாபகம்தான் வரும். கல்வெட்டைப் படியெடுப்பவர்கள் ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றுவார்கள். மை கூடினால் போச்சு. பள்ளத்துக்குள்ளும் இறங்கி எழுத்தை மூடிவிடும்.

அச்சுக்கலைக்கும் ஏறக்குறைய அதே கவலைதான். சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்தன. அந்தக் காலக் கை அச்சு இயந்திரங்களில் மை தடவ உருளை கிடையாது. கம்பளியோ மயிரோ அடைத்த தோல் பந்துகள் இரண்டைப் பிடித்து, ஒன்றோடொன்று தேய்த்து, எழுத்துகள்மேல் ஒற்றுவார்கள். மையின் அளவு மணிக்கட்டில் இருந்தது.

உருளை வந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1814 நவம்பர் 29 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் கோனிக்கின் நீராவி இயந்திரத்தில் அச்சானபோது உருளைகளே மை தடவின. பின்னர் வச்சிரத்தையும் வெல்லப்பாகையும் காய்ச்சி, இரும்புத் தண்டைச் சுற்றி வார்த்த உருளைகள் பரவலாயின. வெயிலில் அவை இளகும். நம் சித்திரைக்கு ஒத்துவராத சரக்கு.

1850-களில் நியூயார்க்கில் ஜார்ஜ் கார்டன் உருவாக்கிய சிறிய இயந்திரத்தின் வாரிசுதான் நாம் டிரெடில் என்று சொன்னது. எங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறையில் அங்கே எடுபிடி வேலைக்குப் போனேன். காலால் மிதித்தால் உருளைகள் எழுத்துகள்மேல் இறங்கி, மறுபடி மேலே இருக்கும் வட்டத் தட்டுக்கு ஏறும். ஒவ்வொரு முறையும் தட்டு கொஞ்சம் திரும்பி மையைப் பரத்தும். உருளை அதிகம் அழுந்தினால், அது ஓடும் தடத்தில் அட்டைத் துண்டு ஒட்டி உயர்த்துவார் மெஷின்மேன் பெரியவர். மைத்தொட்டி கிடையாது. தட்டில் கத்தியால் மை வைப்பதும் அவரேதான்.

முன்பு மெட்ராஸில் பெரிய மெஷினில் வேலை பார்த்தவர் அவர். ஒருநாள் சொன்னார்: “அங்க மை வைக்கிறதுக்கு கிராங்க் இருக்கும் தம்பி. சைக்கிள் பெடல் கிராங்க் மாதிரிதான். ஆனா அதுல நீளமா ஒரு துளை. ஆணியை நடுவுலேர்ந்து தள்ளி முடுக்கினா வீச்சு பெருசாவும். கொக்கி பல்சக்கரத்துல ரெண்டு பல்லு தள்றது மூணு பல்லு தள்ளும். மைத்தொட்டி உருளை அவ்ளோ கூடத் திரும்பும், மை கூடும். கிட்ட முடுக்கினா கொறையும்.”

“அப்போ மெஷின்மேன் எதுக்கு?” என்று கேட்டேன்.

“ஆணியை எங்க முடுக்கறதுன்னு அதுக்குத் தெரியுமா?”

அந்த வாரமே நான் கற்றுக்கொண்டேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாக வரட்டுமே என்று ஒரு கத்தி மை எடுத்து வைத்தேன். மாற்றாள் கவனிக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தார். பெரியவர் திரும்பி வருவதற்குள் நூறு பத்திரிகைக்கு மேல் போய்விட்டது. மாப்பிள்ளை பெயர் கண்ணன். சுழிகள் அடைத்து, ண எது, ன எது என்று தெரியவில்லை. புள்ளிகள் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டன.

முதலாளி கேட்டபோது பெரியவர் “நான்தான் பார்க்காம வுட்டேன்” என்றார். தாளுக்கான காசை அவர் கூலியில் பிடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

“மை பத்தலன்னா இன்னொரு தடவை வைக்கலாம். ஜாஸ்தியாச்சுன்னா கழுவத்தான் வேணும்” என்று மட்டும் சொல்லி, மண்ணெண்ணெய்த் துணியை என் கையில் கொடுத்தார். எழுத்துகளைக் கழுவி முடிக்க இருட்டிவிட்டது.

தமிழ் அச்சின் வரலாற்றில் பதிப்பித்தவர்கள் பெயர் இருக்கிறது, எழுத்து வார்த்தவர்கள் சிலர் பெயரும் இருக்கிறது. ண-வையும் ன-வையும் பிரித்துக் காட்டிய மை அளவை வைத்தவர்கள் பெயர் எந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இல்லை. பிறகு ஆஃப்செட் வந்தது, டிரெடில் பழைய இரும்புக்குப் போனது. பெரியவரிடம் உண்மையை முதலாளிக்குச் சொல்லியிருக்கலாம் என்று நான் கடைசிவரை பேசவில்லை. அடைத்துப்போன அந்தப் பத்திரிகையில் ஒன்று மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.