கதை சொன்ன கிழவி யார்?

கதை என்றால் பொழுதுபோக்கு, வரலாறு என்றால் உண்மை என்று இரண்டையும் வேறாக வைத்து எண்ணுவது நம் வழக்கம். ஆயினும், கல்வெட்டை ஆராய்வது போலவே குழந்தைக் கதையையும் ஆராய்ந்து, அதனுள் மறைந்து கிடந்த வரலாற்றை வெளிக்கொணர்ந்த அறிஞர்கள் உளர். அவர்களுள் ஒருவர் ஜெர்மானியப் பேராசிரியர் ஹைன்ஸ் ரொல்லெக்கே.

யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் உடன்பிறந்தார் இருவரும் தொகுத்த கதைகளின் முதற்பகுதி 1812ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1815ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவர்கள் வாழ்ந்த காசெல் நகரம் 1807 முதல் 1813 வரை நெப்போலியனின் தம்பியால் ஆளப்பட்டது. அந்நியர் ஆட்சியில் தம் மக்களின் பழஞ்செல்வம் அழிந்துவிடலாகாதே என்னும் கவலை அவர்களைத் தொகுக்கத் தூண்டியது. கல்லாத நாட்டுப்புற மக்களின் வாய்மொழியே இக்கதைகள் என்ற எண்ணம் நாளடைவில் உலகெங்கும் வேரூன்றியது.

பல கதைகளுக்கு எதிரே 'மாரி' என்ற பெயரை வில்ஹெல்ம் குறித்து வைத்திருந்தார். அவள் தம் தாயின் இல்லத்தில் பணிபுரிந்த முதியவள் என்று வில்ஹெல்மின் மைந்தர் கூறினார், உலகமும் நம்பியது. ரொல்லெக்கே சான்றுகளை ஒப்பிட்டு, 1975ஆம் ஆண்டில் வேறொரு முடிவை வெளியிட்டார். கதை சொன்னவர் கிழவியல்லர். இருபது வயதைச் சற்றே கடந்த மாரி ஹாசன்புளூக் என்னும் கற்ற மங்கை! அவருடைய தாய்வழி முன்னோர் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி 1685ஆம் ஆண்டில் அவர்களுடைய சமய உரிமையைப் பறித்தபோது, அம்மக்களுள் பலர் ஜெர்மானிய நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். இரண்டாம் பகுதிக்குப் பல கதைகளை அளித்த டொரோத்தேயா ஃபீமானை நூலின் முன்னுரை குடியானவப் பெண் என்கிறது. உண்மையில் அவர் ஒரு தையற்காரரின் மனைவி. விடுதி நடத்தியவரின் மகள். அவருடைய முன்னோரும் பிரெஞ்சு அகதிகளே.

இதனால் விளைவதென்ன எனலாம். 1933 முதல் 1945 வரை ஆண்ட நாஜிகள், இக்கதைகளைத் தூய ஜெர்மானிய இனத்தின் குரல் என்று கூறிப் பிள்ளைகளுக்குப் புகட்டினர். அவர்கள் இனப்பெருமைக்குச் சான்றாகக் காட்டிய கதைகளிற் பல, வந்தேறிய குடும்பங்களின் வழிவந்த மகளிர் சொன்னவை! பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் 1697ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள கதைகள் சில, கிரிம் நூலிலும் காணப்படுவது வியப்பன்று.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 1810ஆம் ஆண்டில் சகோதரர்கள் நண்பர் ஒருவருக்கு அனுப்பிய கையெழுத்துப்படி, பிற்காலத்தில் அல்சாசு நாட்டு மடம் ஒன்றிற் கிடைத்தது. அதனை முதற்பதிப்போடு இணைத்து, ஒப்பிட்டுக் காணும் வகையில் ரொல்லெக்கே அச்சிட்டார். பதிப்புக்குப் பதிப்பு வில்ஹெல்ம் செய்த மாற்றங்களும் ஆய்வாளரால் தெளிவாயின. வெண்பனி என்னும் இளவரசியைக் கொல்ல முயன்றவள் 1812இல் பெற்ற தாயே. 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சலும் கிரெட்டலும் காட்டில் விடப்பட்ட கதையில் அம்மாற்றம் 1840இல் நிகழ்ந்தது. தாய்மையின் தூய்மைக்கு இழுக்கு நேரலாகாது என்று அக்காலத்து இல்லங்கள் எண்ணின. ஆனால், அந்தப் பழியைச் சுமந்தவள் மாற்றாந்தாய்! பிள்ளைப்பேற்றில் பெண்கள் பலர் இறந்த அந்நாளில், பிறர் பெற்ற மக்களை வளர்த்த நல்ல தாய்மார் எத்தனை பேர் இருந்திருப்பர்!

கிரிம் சகோதரர்களின் தொண்டு இதனாற் குறைவுபடாது. அவர்கள் எழுதி வையாதிருந்தால் ஆராய்வதற்கே ஒன்றும் இராது. ஆயினும் 'பழங்காலந்தொட்டு மாறாமல் வருவது' என்று ஒன்றைக் காட்டி, ஓர் இனத்தை உயர்த்தவோ ஒருத்தியைப் பழிக்கவோ எவரேனும் முற்பட்டால், அதைச் சொன்னவர் யார், எழுதியவர் யார், திருத்தியவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். கதையைச் சுவைப்பதற்கு இக்கேள்விகள் தடையல்ல. கதையைக் கொண்டு பிறர் நம்மை ஏமாற்றாதிருப்பதற்கு இவையே காவல்.