யாழ் நரம்பும் இருபத்திரண்டு அலகும்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியில் பாப்பாமோட்டை என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அயலிலே, பாலாவிக் கரையில், பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் அமைந்துள்ளது. இத்தலத்திற்குத் தேவாரப் பதிகங்கள் இரண்டு உண்டு. திருஞானசம்பந்தர் பாடியது நட்டராகப் பண். சுந்தரர் பாடியது நட்டபாடைப் பண். ஓதுவார் மரபில் முன்னதைப் பந்துவராளியிலும் பின்னதைக் கம்பீரநாட்டையிலும் பாடுவர். பாடுகிறார்கள், கேட்போர் உள்ளம் உருகுகிறது; அதில் ஐயமில்லை. ஆயினும், சம்பந்தருடன் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழில் மீட்டிய சுரங்களும் இவைதாமோ? பழந்தமிழ்ப் பண்கள் எந்த நுண்ணிய இடைவெளிகளின்மேல் நின்றன? இவ்வினாவிற்கு விடை தேடிப் பல்லாண்டு உழைத்தவர் ஈழநாட்டுத் துறவி விபுலாநந்த அடிகள்.

அடிகள் 1892ஆம் ஆண்டில் மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் மயில்வாகனன் என்னும் பிள்ளைத் திருநாமத்துடன் பிறந்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியதும் அதே ஆண்டிலேதான். இளமையில் அடிகள் பயின்றது விஞ்ஞானம். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பின்னர் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். புலவர்களைத் திகைக்க வைத்த அரங்கேற்று காதையின் இசைப் பகுதியை அவர் கணக்காகப் படிக்க முற்பட்டது இப்பயிற்சியினால் வந்த துணிவு என்றே கொள்ளல் வேண்டும்.

பழைய உரைகள் கூறும் கணக்கு இது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக ஏழு நரம்புக்கும் 22 அலகு. எண்ணிக்கை எளிது. ஓர் அலகின் அளவு என்ன என்பதே சிக்கல். ஒரு நரம்பில் குரல் ஒலிக்கும்போது, அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி பிறக்கும். அந்த இளியையே குரலாகக் கொண்டு மீண்டும் ஓர் இளி, அதிலிருந்து மற்றொன்று எனப் பன்னிரு முறை ஏறினால், தொடங்கிய குரலுக்கே வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அவ்வாறு வருவதில்லை. ஏறத்தாழ 73இல் ஒரு பங்கு மிகுந்து நிற்கும். இந்தச் சிறு மிகையை என் செய்வது என்பதில்தான் உலகத்து இசைநூலோர் அனைவரும் இடர்ப்பட்டனர்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அந்த மிகையை எங்கும் சமமாகப் பகிர்ந்துவிட்டார். ஒரு தாயியை 24 சம அலகுகளாகப் பிரிப்பதே தமிழர் முறை என்றும், அதில் இரண்டு அலகைக் குறைத்துப் பாடியதையே முன்னோர் 22 என்றனர் என்றும் அவர் வாதித்தார். 1916இல் பரோடாவில் கூடிய இசை மகாநாட்டில் இக்கொள்கையை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' அதனை விரித்துரைத்தது. விபுலாநந்தர் இவ்வழி செல்லவில்லை. நூல் கூறும் 22 அலகையே நிலைநிறுத்தி, இயற்கையான நரம்புப் பின்னங்களினின்றும் கணக்கிட்டார். பண்டிதர் முறையில் வட்டம் ஒழுங்காக மூடுகிறது; அடிகள் முறையில் அலகுகள் தம்முள் ஒத்த அளவின அல்ல. ஒழுங்கை நாடுவோர்க்கு முன்னது இனிக்கும். ஆனால் பின்னதே செவியின் இயல்புக்கு நெருங்கியது.

இவ்வாராய்ச்சிக்கு வீணை போதாது, யாழே வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வீணையில் விரலால் நரம்பை இழுத்து ஒலியைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்; மிடறோ எவ்விடத்திலும் நிற்க வல்லது. யாழிலோ ஒவ்வொரு நரம்பும் ஒரே ஒலி தரும். கூட்டிய சுருதி பிழையாயின் மறைக்க இடமில்லை. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமற் போகவே யாழ்ப்பாணர் கருவியையே முறிக்க ஓங்கினார் என்று பெரியபுராணம் கூறுவது இங்கே நினைக்கத் தக்கது. பக்திக் கதையாகவே அதனைக் கேட்டுப் பழகினோம்; மிடற்றுக்கும் கட்டிய நரம்புக்கும் உள்ள எல்லையை உணர்ந்த ஓர் இசைவாணரின் துயரமும் அதில் இருக்கிறது.

மேனாட்டிலும் அக்காலத்தே சிலர் பன்னிரு சுரக் கட்டினின்றும் வெளியேற முயன்றனர். செக் நாட்டு அலோயிஸ் ஹாபா கால்சுரங்களில் இசை அமைத்தார். அவருக்கென 1924இல் கால்சுரப் பியானோ ஒன்று செய்யப்பெற்றது. அமெரிக்க நாட்டு ஹாரி பார்ட்ச் தாயியை 43 சுரங்களாகப் பகுத்து, அவற்றுக்குரிய கருவிகளைத் தாமே செய்தார். அவர்கள் புதிய இசையை நாடினர். அடிகள் இழந்த இசையை நாடினார். எனினும், இருக்கும் கருவி இடந்தராதபோது வேறு கருவி செய்தே தீரவேண்டும் என்ற முடிவுக்கு இருதிறத்தாரும் வந்தனர். இந்நாடுகளில் அப்போது வீடுதோறும் பரவியிருந்த ஆர்மோனியம், நுண்சுரங்களை விழுங்கிவிடுகிறது என்ற குறைபாடு வலுத்திருந்தது. அகில இந்திய வானொலி 1940இல் அக்கருவியைத் தன் நிலையங்களினின்றும் விலக்கியது. 1971இற்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது.

அடிகளின் 'யாழ் நூல்' கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947 ஜூன் மாதத்தில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நூலின் கணக்குப்படி புதிதாகச் செய்யப்பெற்ற யாழ்களும் அவ்விழாவில் இசைக்கப்பட்டன. அந்நாளில் அடிகள் நோயால் தளர்ந்திருந்தார். ஜூலை 19ஆந் தேதி கொழும்பில் இறையடி சேர்ந்தார். அரங்கேற்றத்திற்கும் மறைவிற்கும் இடையே ஏழு வாரங்கூட நிறையவில்லை.

அவருடைய முடிபுகள் அனைத்தும் ஏற்கப்பட்டுவிட்டன என்று சொல்வதற்கில்லை. நட்டராகம் பந்துவராளிதானா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பாலைத்திரிபு பற்றிய அவர் பகுதியைக் கணக்கறியாப் புலவர் தாண்டிச் செல்கின்றனர்; தமிழறியா இசைவாணர் திறப்பதே இல்லை. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இளைஞர் சிலர் மரத்தைக் குடைந்து, தோல் போர்த்து, யாழைப் புதிதாகச் செய்து மீட்டத் தொடங்கியுள்ளனர். அவ்யாழ்களில் நரம்பு கூட்டும்போது கடையில் வாங்கிய சுருதிமானியின் பன்னிரு சுரத்தைக் கொள்வதா, அடிகளின் பின்னங்களைக் கொள்வதா என்பது, கருவியை மடியில் வைத்தவர் அன்றன்று தீர்மானிக்க வேண்டிய ஒன்றாகவே இருந்து வருகிறது.