லாக்கும் தூம்பும்: பக்கிங்காம் கால்வாய் விட்டுச்சென்ற சொற்கள்

சென்னைச் சேப்பாக்கத்தில் லாக் நகர் என்றொரு குடியிருப்பும், கோட்டூர்புரத்தில் லாக் தெரு என்றொரு தெருவும் உள்ளன. முன்னது கூவத்தை ஒட்டிய பகுதி. பின்னது அடையாற்றை ஒட்டிய பகுதி. இரண்டுமே பக்கிங்காம் கால்வாயின் கரையில் அமைந்தவை. கால்வாய் இவ்விரு ஆறுகளையும் கடந்த இடங்களில் ஆற்றின் இரு கரைகளிலும் கதவுகளோடு கூடிய நீர்க்கூடங்கள் இருந்தன. பொறியாளர்கள் அவற்றை லாக் என்றனர். மக்களும் அவ்வாறே வழங்கினர். இன்று அவற்றின் கதவுகள் செயல்படுவதில்லை, படகுகளும் இல்லை. பெயர்கள் மட்டும் முகவரிகளில் தங்கிவிட்டன.

லாக் என்பது மதகன்று. மதகு நீரைத் திறந்துவிடுவதற்கானது. லாக் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து வேறொரு நீர்மட்டத்துக்கு மாற்றுவதற்கானது. கட்டுச் சுவர்களுக்கு இடையிலுள்ள நீண்ட கூடம் ஒன்றின் இரு முனைகளிலும் இணைக்கதவுகள் இருக்கும். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைத்து, சிறு திறப்புகளின் வழியே நீரை ஏற்றியோ இறக்கியோ, எதிர்ப்புற மட்டத்துக்குச் சமமானதும் முன்கதவைத் திறப்பர். சீனத்தில் கி.பி. 984இல் சியாவ் வெய்யுவே பெருங்கால்வாயில் அமைத்ததே இத்தகைய கூடங்களுள் பழமையானதாகக் கருதப்படுகிறது. பக்கிங்காம் கால்வாய் கடலோரத்துக்கு இணையாகச் செல்லும் உவர்நீர்க் கால்வாய். ஆற்று முகங்களில் ஓதமும் வெள்ளமும் நீர்மட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்; வண்டலும் உள்ளே புகும். ஆகவே ஆற்றைக் கடக்கும் இடங்களில் லாக் இன்றியமையாததாயிற்று.

இக்கால்வாய் ஒரே காலத்தில் வெட்டப்பட்டதன்று. 1806இல் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் கால்வாயாகத் தொடங்கினார். 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது வடக்கே பெத்தகஞ்சாம் வரை நீண்டு கிருஷ்ணா கழிமுகக் கால்வாய்களோடு இணைந்தது. தெற்கே மரக்காணம் என்னும் சிற்றூரில் முடிந்தது. இவ்விரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 420 கி.மீ. தொலைவு. ஸ்ரீஹரிக்கோட்டையின் விறகும் கடலோர உப்பளங்களின் உப்பும் இதன் வழியே சென்னைக்கு வந்தன. பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இக்கால்வாயில் நிகழ்ந்த ஒரு படகுப் பயணத்தைப் பாடுவது.

நகரின் நடுவே வடபகுதியையும் தென்பகுதியையும் இணைத்த துண்டு, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 8 கி.மீ. ஆகும். அது 1877–78இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என நினைவிற்கொண்ட பஞ்சம் அது. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் பரிந்துரைத்த கூலி, வேலை செய்யும் ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்பதாகும். உடலுழைப்புக்கு இது போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் அவ்வளவு கைவிடப்பட்டது. கால்வாய்க்குச் சூட்டப்பட்ட பெயரோ, அப்போதைய ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனுடையது. வெட்டியவர்களின் பெயர் எதுவும் அதில் ஏறவில்லை.

இதே பஞ்சம் மைசூரையும் அழித்தது. 1871இல் ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த மைசூர் மக்கள்தொகை 1881 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 42 லட்சமாகக் குறைந்திருந்தது. சென்னையில் பஞ்சத் தொழிலாளர் கால்வாய் வெட்டினர் எனில், மைசூரில் அவர்கள் பெங்களூரு–மைசூரு இருப்புப்பாதைக்கு மண்ணணை எழுப்பினர். அப்பாதை 1881–82இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இவ்வேறுபாட்டுக்கு நிலவியலும் ஒரு காரணம். பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், இரு வடிநிலங்களைப் பிரிக்கும் மேட்டின்மீது நிற்கிறது. ஒருபுறம் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. மறுபுறம் விழுவது தென்பெண்ணையை அடைகிறது. இத்தகைய மேட்டுநிலத்தில் நீரைத் தேக்கி ஏரியாக்கலாம். படகு செல்லும் கால்வாயாக்க முடியாது.

கால்வாயா, இருப்புப்பாதையா என்பது அக்காலத்தின் பெரும் விவாதம். நீர்வழிப் போக்குவரத்தே இந்தியாவுக்கு மலிவானது என்று ஆர்தர் காட்டன் வாதிட்டார். 1878இல் பிரித்தானிய நாடாளுமன்றத் தெரிவுக்குழு முன்பும் அதனை வலியுறுத்தினார். அவர் கருத்துக்கு இசைய 1863இல் தொடங்கப்பட்ட கர்நூல்–கடப்பைக் கால்வாய், பாசனத்துக்கும் படகுக்கும் ஒருசேரத் திட்டமிடப்பட்டது. வருவாய் ஈட்டாத அதனை 1882இல் அரசு வாங்க நேர்ந்தது. 1899இல் சென்னையும் விஜயவாடாவும் இருப்புப்பாதையால் இணைந்தபின் பக்கிங்காம் கால்வாயின் நெடுந்தொலைவுச் சரக்கும் படிப்படியாகக் கைமாறியது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. 1990களில் சென்னையின் பறக்கும் இரயிலுக்கான தூண்கள் கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பட்டன. நூறாண்டுப் போட்டியில் இருப்புப்பாதை வென்றதற்கு இதனினும் கண்கூடான சான்று வேறில்லை.

இவ்வரலாற்றைச் சொற்களும் பதிந்துவைத்துள்ளன. பாசன நுட்பம் தென்னிந்திய மொழிகளுக்குப் பொதுவுடைமை. ஆகவே அதன் கலைச்சொற்களும் உறவுடையவை. ஏரியிலிருந்து நீரை வெளியேற்றும் அமைப்பு தமிழில் தூம்பு, கன்னடத்தில் தூபு. தமிழின் கால்வாய்க்கு இணையாகக் கன்னடத்தில் நிற்பது காலுவெ. பெங்களூருவின் ஏரிகளை இணைத்த பெருவடிகால்கள் இன்றும் ராஜகாலுவெ என்றே வழங்குகின்றன. தமிழின் அணைக்கட்டு ஆங்கிலத்தில் அனிகட் ஆகி, தவளேஸ்வரம் முதல் விஜயவாடா வரை பொதுப்பணித் துறை ஆவணங்களை நிறைத்தது. காவிரிக் கல்லணையைக் கண்டு கற்ற பொறியாளர்கள், பொருளோடு சொல்லையும் பெற்றுக்கொண்டனர். லாக் இதற்கு எதிர்த்திசையில் வந்தது. படகை மட்டம் மாற்றும் கூடம் இங்கு வழக்கில் இல்லாதது. எனவே பொருளோடு ஆங்கிலச் சொல்லே இறங்கியது. தெலுங்கில் அது லாக்கு எனத் திரிந்து, பன்மையில் லாக்குலு என வழங்கி, கால்வாய்க் கரை ஊர்களில் இடப்பெயராகவும் நிலைத்தது. தமிழில் சென்னையின் ஓரிரு இடப்பெயர்களோடு நின்றுவிட்டது.

கடன்சொல் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் ஒரு கடன்சொல், எந்த நுட்பம் எத்திசையிலிருந்து எவர் கைவழி வந்தது என்பதற்கான சான்றாகும். ஏரித் தூம்புகளைக் குறித்துக் கல்வெட்டுகள் பேசுகின்றன. கட்டியவர், கொடையளித்தவர் பெயர்கள் அவற்றில் உள்ளன. பஞ்சத்தில் கால்வாய் வெட்டியோர்க்கு அத்தகைய கல் எதுவும் நடப்படவில்லை. அவர்களின் உழைப்பு நின்ற இடத்தை, கதவுகள் செயலிழந்த பின்னும், லாக் நகரும் லாக் தெருவும் சுட்டிக்கொண்டிருக்கின்றன. தெருப்பெயர்கள் மாற்றப்படும் நகரில் இச்சான்று எளிதில் அழியக்கூடியது. எஞ்சிய கட்டுமானங்களை அளந்து வரைவதோடு, கரையோர மக்களிடம் எஞ்சியுள்ள படகுத்தொழிற் சொற்களையும் இடப்பெயர்களையும் தொகுப்பது, வரலாற்றுத் துறையும் மொழியியல் துறையும் சேர்ந்து உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணி.