பனங்கட்டிக்கும் ஊர்ப் பெயர் வேண்டும்



2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. நமது நாட்டுப் பொருளொன்றுக்கு அங்கே அந்தப் பாதுகாப்பு கிடைத்தது அதுவே முதல் தடவை. வேறு நாட்டுக் கறுவாவை அந்தப் பெயரில் இனி அங்கே விற்க முடியாது. 2023இல் தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கருப்பட்டி என்பது இங்கே நமது பனங்கட்டி.

உடன்குடிக்குக் கிடைத்ததால் நாம் எதையும் இழக்கவில்லை. அங்கே பாதுகாக்கப்பட்டது ஓர் ஊரின் பெயர். யாழ்ப்பாணம் என்ற பெயரைக் காப்பது நமது வேலை. உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு சொல்வது இதுதான்: சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத பெயரை மற்ற நாடுகள் பாதுகாக்க வேண்டிய கடமை இல்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. புவிசார் குறியீடுகளுக்கான பதிவேட்டுக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது.

பதிவு செய்வதென்றால் எந்த எல்லைக்குள், எப்படி, எவ்வளவு காலமாக, யார் செய்கிறார்கள் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

காலத்துக்குச் சான்று உண்டு. இலங்கைப் பனையையும் அதன் பயன்களையும் பற்றி வில்லியம் பெர்குசன் எழுதிய நூல் 1850இலேயே கொழும்பில் வெளிவந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது.

செய்முறையும் தெரிந்ததுதான். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிப் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு புளிக்க விடாது. அதனால் இறங்குவது கள் அல்ல, கருப்பநீர். அதைப் பதம் வரும்வரை காய்ச்சி, பனையோலையில் இழைத்த குட்டான்களில் ஊற்றி ஆறவிடுவார்கள்.

கடினமான கேள்வி "யார்" என்பதுதான். மரம் ஏறுபவர், அடுப்படியில் நின்று காய்ச்சும் பெண்கள், குட்டான் இழைப்பவர்கள். இவர்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. பதம் பார்க்கும் கண்ணோடு அது போய்விடும்.

ஊரும் மனிதரும் பிரிந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோம். பலர் புத்தளத்திலேயே ஒரு தலைமுறையை வளர்த்தோம். சரியாக ஐந்து வருடங்கள் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் உறவுகளும் ஊரை விட்டுப் போனார்கள். பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. மரம் மீண்டும் வளரும், ஆனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைப்பழக்கம் தானாக முளைக்காது.

புவிசார் குறியீடு ஊரையும் கைப்பழக்கத்தையும் சேர்த்தே கேட்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது செல்லாது. ஆகவே பெயருக்கு விண்ணப்பிக்கும் முன், செய்கிறவர்களிடம் போவோம். அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்வோம், மாணவர்களைக் கொண்டு எழுத வைப்போம். ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு எல்லாவற்றுக்கும் இதுவே வழி. நாளை குறியீடு கிடைத்தால், அதன் பலன் பொதி கட்டி விற்பவருக்கு மட்டுமன்றி, மரம் ஏறுபவரின் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இன்றே கேளுங்கள். அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், தொகுத்து வைப்போம்.